ஓடக் கற்ற ஒன்பது வாரம்

குருவானவர் ஒருவர் தெருவில் ஓடலாமா? சென்ற சித்திரை மாதம் முதல் எங்கள் பங்கில் மெல்ல உலவிவரும் கேள்வி இது. மரியாயின் சேனைக் கூட்டம் முடிந்து வெளியே வந்த ஒரு பாட்டியம்மாள் அதனை என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "சாமி, காலங்காத்தால யாருக்குப் பயந்து இப்படி ஓடுதீக?" சுற்றி நின்றோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் கேட்டவர் பதிலின்றிப் போகலாகாது. குடும்ப நலம் குறித்து ஏதேனும் எழுதித் தருமாறு இவ்விதழின் ஆசிரியர் கேட்டும் மூன்று திங்களாகின்றன. இரண்டு கடன்களையும் ஒருசேரத் தீர்க்க முனைகிறேன்.

முதலில் காரணம். எங்கள் குருக்களின் ஆண்டுத் தியானத்தில் உணவு மேசையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே குழம்புக் கிண்ணங்களைக் காட்டிலும் மாத்திரைப் பெட்டிகள் அதிகம். பங்குத்தந்தையின் வாழ்வு அப்படி அமைந்தது. வீடு மந்திரிக்கச் சென்றால் தேநீரும் வடையும். திருநாள் என்றால் அசனம். திருமணம் என்றால் விருந்து. "கொஞ்சமாவது சாப்பிடுங்க சாமி" என்னும் அன்பை மறுத்தால் அந்தக் குடும்பம் வருந்தும். மறுக்காவிட்டால் மருத்துவர் வருந்துவார். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் அறிவித்தது. அக்கணக்கில் அடியேனும் ஒருவன் ஆகவிருந்த நிலையில், "நடங்கள் ஃபாதர், முடிந்தால் ஓடுங்கள்" என்றார் மருத்துவர்.

நடப்பது எளிதென்று நினைப்பீர்கள். பங்குத்தந்தை தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்துவார். ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளியில் இடம், பங்காளிச் சண்டை, கல்லறைத் தோட்டத்தில் இடம்பிடித்தல் என்று எல்லாம் நடைபாதையிலேயே விசாரிக்கப்படும். ஓடுகிற சாமியாரை எவரும் நிறுத்திச் சான்றிதழ் கேட்பதில்லை. இந்த உண்மையை என் சகோதர குருக்களுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் தூத்துக்குடியில் ஓட்டக் குழு ஒன்று உண்டு. அதற்குப் பெயர்ப் பலகையோ, அலுவலகமோ, ஆண்டுச் சந்தாவோ கிடையாது. துறைமுக ஊழியர், வங்கி எழுத்தர், செவிலியர், கல்லூரி மாணவர் எனப் பலதரப்பட்டவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், நம்மவர்கள் எல்லாரும் இருக்கின்றனர். செவ்வாய், வியாழன், சனிக் கிழமைகளில் விடிகாலை நாலே முக்கால் மணிக்குக் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா வாசலருகே கூடுவர். புதியவர்களுக்கென்று ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பது வார வகுப்பு நடத்துகின்றனர். அது தொடங்குவது ஏப்ரல் நடுவில்.

கத்திரி வெயில் காத்திருக்கும் வேளையில் எவரேனும் ஓட்ட வகுப்புத் தொடங்குவரோ? காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 முடிய 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலமென்று விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்படுகின்றன. மற்ற மாதங்களில் எங்கள் ஊர் விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குள் கரை திரும்புவன. அத்தொழிலில் இருப்பவருக்கு விடியற்காலம் என்று ஒன்று சொந்தமாக இல்லை. தடைக்காலத்தில்தான் அது கிடைக்கிறது. ஆனால் வலை பழுதுபார்த்து, படகுக்கு வண்ணம் பூசிய பின், கையில் காசும் இன்றி வேலையும் இன்றிக் கழியும் அந்த இரண்டு மாதங்களில் மதுக்கடை எத்தனை குடும்பங்களின் அமைதியைக் குடித்திருக்கிறது என்பதை நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். படகுத் தொழிலில் பிறந்து துறைமுக வேலைக்குச் சென்ற குழுத் தலைவர் இதனை எண்ணித்தான் ஏப்ரலைத் தேர்ந்தார். ஒன்பது வாரம் என்பது 63 நாள். தடைக்காலம் 61 நாள். இரண்டே நாள் வேறுபாடு.

ஒன்பது வாரக் கணக்கு அவர் கண்டுபிடிப்பன்று. ஜாஷ் கிளார்க் என்னும் அமெரிக்க இளைஞர் 1996இல் வகுத்த முறை அது. ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரை ஓட வைக்க வேண்டுமென்று அவர் அதை அமைத்தாராம். பெற்றோரை மதிக்கும் கட்டளையை இப்படியும் கடைப்பிடிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இவ்வாறு மாறி மாறி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்றே நாட்கள். போகப் போக ஓட்டம் நீண்டு, நடை குறைந்து, ஒன்பதாம் வாரத்தில் நிற்காமல் அரைமணி நேரம் ஓட வேண்டும்.

ஒரு நிமிடம்தானே என்று எண்ணாதீர்கள். திருப்பலியில் அமைதியாக இருக்க வேண்டிய ஒரு நிமிடம் நமக்கு எவ்வளவு நீளமோ, அதைவிட நீளம் அந்த ஒரு நிமிடம்.

ஓட்டத்தைப் பற்றி நான் அங்கே கேட்டறிந்தவற்றுள் குடும்பங்களுக்குப் பயன்படுவன சில உண்டு. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பை இறுகப் பிடித்திருக்கும் தசைநாண்கள் பழகுவதற்கு அதனினும் அதிக நாள் வேண்டும். அதனால்தான் மூச்சு வாங்காத ஆர்வக்காரருக்கு முழங்காலும் கணுக்காலும் வலிக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் போதும் என்னும் விதி அந்தத் தசைநாண்களை முன்னிட்டே. நாற்பதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்ட பின்பே இறங்க வேண்டும். காலணி வாங்கும்போது பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் விட்டு வாங்க வேண்டும். ஓடுகையில் பாதம் சற்று வீங்கும். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். (இந்த ஒன்றைப் பழகத்தான் எனக்குத் தூய ஆவியாரின் துணை மிகுதியும் தேவைப்பட்டது.)

எல்லாவற்றினும் முதன்மையான விதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடு என்பது. அருகில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் நீ வேகமாக ஓடுகிறாய்; குறைத்துக்கொள். கடிகாரமும் கருவியும் இல்லாமல் ஏழை எளியவரும் தம் நெஞ்சின் நிலையை அளந்துகொள்ள இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இனி பாட்டியம்மாளின் கேள்விக்கு வருகிறேன். ஓடுவது குருவுக்கு அழகோ என்று அவர் மட்டுமன்று, பங்குப் பேரவையிலும் ஒருவர் கேட்டார். வத்திக்கானிலேயே ஓட்டக் குழு ஒன்று இருப்பதை அவருக்குச் சொன்னேன். 'அத்லேத்திகா வத்திகானா' என்னும் அச்சங்கம் 2019 சனவரியில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. குருக்கள், கன்னியர், சுவிஸ் காவலர், மருந்துக்கடை ஊழியர் எல்லாரும் அதில் உறுப்பினர். "இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக" எனப் பொருள்படும் ஒலிம்பிக் விருதுவாக்கை முதலில் தம் மாணவர்க்குக் கூறியவரும் ஆன்றி திதோன் என்னும் தோமினிக் சபைத் துறவியே. 2021இல் அதனோடு "சேர்ந்து" என்னும் சொல்லை ஒலிம்பிக் குழு இணைத்தது. பேரவை உறுப்பினர் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை, ஓடவும் வரவில்லை.

எங்கள் வகுப்பில் பதினொருவர் சேர்ந்தோம். இருவர் பெண்கள். அவர்களுள் ஒருவர் இரண்டு பிள்ளைகளின் தாய். மாமியாரிடம் அனுமதி பெறவே அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நான் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுத விரும்புகிறேன். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமணமான பெண் வீட்டுக்கு வெளியே தனக்கென்று அரைமணி நேரம் செலவிட, கோயிலைத் தவிர வேறு காரணம் சொல்ல முடிவதில்லை. அடுப்பும் பிள்ளையும் மாமியாரும் உறங்கும் வேளையில் அவர் எழுந்து ஓடிவிட்டு வந்தால் எந்தக் குடும்பமும் குலைந்துவிடாது. சுடிதாரும் துப்பட்டாவுமாக ஓடிய அந்தத் தாயைப் பார்த்துத் தெருமுனையில் சிரித்த வாலிபர்களைவிட, "பொம்பிளைக்கு இது தேவையா" என்று கேட்ட நம் பக்தசபைப் பெரியவர்கள்தாம் அவரை அதிகம் நோகச் செய்தனர். கணவன்மார் இதை வாசித்தால், நாளைக் காலை தேநீரைத் தாமே போட்டுக்கொள்ளலாம்.

பதினொருவரில் கடைசியாக ஓடியவர் இருவர். ஒருவன் நான். மற்றவர் விசைப்படகில் தொழில் செய்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பிறந்தது குமரிக் கடற்கரையில். எங்கள் பங்கில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாள் வெறுங்காலோடு வந்தார். செருப்பில் ஓடி வழக்கமில்லை என்றார். அபெபே பிகிலா என்னும் எத்தியோப்பிய வீரர் 1960இல் உரோமை ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, கான்ஸ்டன்டைன் வளைவருகே முதலாவதாக வந்ததைக் குழுத் தலைவர் எடுத்துச் சொன்னார். "அவரு முதல்ல வந்தாரு, நான் கடைசில வாரேன்" என்று சிரித்தார் இவர்.

அவருடைய மனைவி மக்களைத் திருப்பலியில் ஞாயிறுதோறும் பார்ப்பேன். அவரைப் பார்த்ததில்லை. வீடு மந்திரிக்கச் சென்றபோதும் அவர் வெளியே போயிருப்பார். இதனை இங்கு எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று, கடற்கரைச் சாலையில் கேட்டது.

பேசிக்கொண்டே ஓட வேண்டும் என்பது விதியன்றோ? கடைசி இருவரும் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டியதாயிற்று. முதல் வாரங்களில் பேச்செல்லாம் மீனைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும். ஐந்தாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, ஓட்டத்தின் நடுவே அவர், "என் தம்பி நல்லா நீந்துவான் சாமி" என்றார். அவ்வளவுதான். நடை வேளை வந்தது, பேசவில்லை. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, "ஒக்கியில போனான்" என்றார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது ஆழ்கடலுக்குச் சென்றிருந்த நம் மக்கள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அவருடைய தம்பியும் அவர்களில் ஒருவர். உறவினர் நினைவுத் திருப்பலி வைத்தனர். தாயார் அதற்கு வரவில்லை. மகனுடைய படத்துக்கு மாலை சூட்ட இன்றுவரை அவர் விடுவதில்லை. தாயின் பக்கம் நிற்பதா, உறவினர் பக்கம் நிற்பதா என்று அறியாத மூத்தவர் இருபக்கமும் நிற்காமல் ஊரை விட்டு வந்துவிட்டார். கோயிலுக்குப் போனால் தம்பி பெயரை மரித்தோரோடு வாசிக்கிறார்கள், அல்லது வாசிக்காமலே விடுகிறார்கள். இரண்டையும் தாங்க முடியவில்லை என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று வகுப்புகள் ஆயின. ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொற்கள். பிறகு காலடிச் சத்தம். பிறகு மீண்டும் நான்கைந்து சொற்கள்.

இருபத்தேழு ஆண்டுகளாகப் பேசுவதே என் பணி. ஒருவர் துயரத்தைச் சொல்லத் தொடங்கினால் அதற்குரிய ஆறுதல் மொழி நாவில் வந்து நிற்கும். குருமடம் அப்படிப் பழக்கிவிடுகிறது. ஆனால் ஐந்தாம் வாரத்துப் புதிய ஓட்டக்காரனுக்குப் பிரசங்கம் செய்ய மூச்சு ஏது? "ம்" என்று சொல்வதற்கே நான் மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னார், நான் ஓடினேன். அறைவீட்டில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தால் அவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வந்திருக்க மாட்டார் என்றே கருதுகிறேன். முகம் பார்க்க வேண்டாத, இருட்டு முழுதும் விலகாத, கடல் ஒருபுறம் கிடக்கிற சாலை அது.

ஓட்டத்தை வைத்துத் திருமறையில் எவ்வளவோ உண்டு. சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் ஒருவரே பரிசு பெறும் பந்தயத்தை உவமையாக்குகிறார். (1995இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பின் பவுல் என்கிறோம், எனக்குச் சின்னப்பர் என்றுதான் வாயில் வருகிறது.) கொரிந்து நகரருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளை அவ்வூரார் அறிவர். அங்கே வென்றவருக்குப் பொன்னோ பணமோ தரவில்லை. பைன் தழையாலோ, வாடிய செலரிக் கீரையாலோ கட்டிய முடியைச் சூட்டினர். அழியும் முடி என்று சின்னப்பர் குறிப்பிடுவதன் கூர்மை, அது கீரை என்று தெரிந்தால்தான் விளங்கும். இந்த உவமையை வைத்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் கடற்கரைச் சாலையில் கடைசியாக ஓடும்போது என் மனம் சென்றது வேறோர் ஓட்டத்துக்கு.

உயிர்ப்பு ஞாயிறன்று மகதலா மரியாள் கொண்டுவந்த செய்தி கேட்டு இரண்டு சீடர்கள் கல்லறைக்கு ஓடுகின்றனர். ஒருவர் இராயப்பர், மற்றவர் இயேசு அன்புசெய்த சீடர், அருளப்பர் என்பது நம் மரபு. இளையவர் முந்திவிடுகிறார். குனிந்து பார்க்கிறார், துணிகள் கிடக்கின்றன, ஆனால் உள்ளே நுழையவில்லை. பின்னால் வந்த இராயப்பர் முதலில் நுழைகிறார். அதன்பின்தான் அவர் நுழைகிறார். இராயப்பரின் தலைமைக்குத் தரப்பட்ட மரியாதை இது என்று குருமடத்தில் கற்பித்தனர். அது சரியே. அதோடு, உலகத்திலேயே பெரிய செய்தி எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தும், மூச்சிரைத்து வந்துகொண்டிருந்த ஒருவருக்காக வாசலில் நின்ற அந்த ஒன்றிரண்டு நிமிடங்களையும் நான் இப்போது சேர்த்துப் பார்க்கிறேன்.

எங்கள் குழுவிலும் அவ்வழக்கம் இருக்கிறது. வேகமாக ஓடுவோர் எல்லையைத் தொட்டதும் அங்கே நின்று தண்ணீர் குடிப்பதில்லை. திரும்பி ஓடி வந்து, கடைசியில் வருபவரோடு சேர்ந்து மறுபடியும் எல்லைக்கு ஓடுகின்றனர். கடைசி ஆள் வந்து சேரும் வரை எவரும் வீட்டுக்குப் புறப்படக் கூடாது. இரக்கப்பட்டு வருவது போலவும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது கூடுதல் பயிற்சி. படகுத் தொழிலாளியின் பேச்சு பாதியில் இருக்கும்போது மாணவர்கள் திரும்பி வந்தால், அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அவர்களில் கூரிய ஒருவன் அதைக் கண்டுகொண்டான் போலும். ஆறாம் வாரத்திலிருந்து எங்களுக்கு இருபதடி முன்னாலேயே திரும்பி, முதுகைக் காட்டியபடி ஓடத் தொடங்கினான். பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ!

ஒன்பதாம் வாரம் நாங்கள் இருவரும் அரைமணி நேரம் நிற்காமல் ஓடினோம். நான்கு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. என் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது, மருத்துவர் மகிழ்ந்தார், வடை விஷயத்தில் அவருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடில்லை. சூன் 15 அன்று காலை ஐந்து மணிக்கு விசைப்படகுகள் கடலுக்குப் புறப்பட்டன. நாங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் படகில் இருந்தார்.

அதன்பின் அவர் ஓட வருவது வானிலை எச்சரிக்கை நாட்களில் மட்டுமே. பலத்த காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால், மறுநாள் விடிகாலை ரோச் பூங்கா வாசலில் நிற்பார். வங்கி எழுத்தர் தந்த பழைய காலணி இப்போது அவருக்குப் பழகிவிட்டது. என்னைவிட வேகமாக ஓட வல்லவராகியும் என் வேகத்திலேயே ஓடுகிறார்.

அக்டோபர் கடைசியில் அப்படி ஒரு நாள். நெடுந்தூரம் பேசாமல் வந்தோம். பிறகு, "கல்லறைத் திருநாளுக்குப் பேரு எழுதுவீங்கள்ல சாமி, தம்பி பேரையும் எழுதணும்" என்றார். சற்றுத் தூரம் சென்று, "செத்தவன்னு எழுதக்கூடாது. அம்மா உயிரோட இருக்காங்க" என்றார்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1707ஆம் எண், காணாமற்போன கணவனோ மனைவியோ இறந்துவிட்டதாகக் கொள்ளும் முறையைக் கூறுகிறது. காணாமற்போனவனுடைய தாய்க்கென்றும் தமையனுக்கென்றும் அதில் ஓர் எண் இல்லை. ஆனால் 901ஆம் எண் இருக்கிறது: குருவானவர் உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். இவற்றையெல்லாம் அவரிடம் விளக்க எனக்கு மூச்சில்லை. "பேரை மட்டும் எழுதுறேன்" என்றேன்.

எங்கள் பங்கின் பூசைக் கருத்துப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் உண்டு. இடப்பக்கம் உயிரோடிருப்போர், வலப்பக்கம் மரித்தோர். நடுவில் உள்ள கோட்டின் மேலேயே அந்தப் பெயரை எழுதினேன். நவம்பர் 2 அன்று காலைத் திருப்பலியில், முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்காமல், அதை வாசித்தேன். அவர் பின்வாசல் அருகே தூணோரம் மனைவியோடு நின்றிருந்தார். மறுநாள் எச்சரிக்கை விலகியதால் படகுகள் கடலுக்குச் சென்றன.